தோளைத் தொட்ட கை

கேசினோவின் போக்கர் அறை வாசலில் ஆறு நாற்காலிகள் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள்தான், அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். உள்ளே இடம் கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள் அவற்றில் உட்கார்ந்து பால் தேநீர் குடிப்பார்கள், கைபேசியை நோண்டுவார்கள், தோற்று வெளியே வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வாரம் அந்த ஆறையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவர் மேலாளர் மாக். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடங்குக்கு அனுப்பியவள் ஹோய்யிங்.

அந்த இடத்தில் பாக்கரா என்ற சீட்டுச் சூதுக்கான மேசை ஒன்று வந்து இறங்கியது. பச்சைத் துணி, தங்க விளிம்பு, சுற்றிலும் ஏழு நாற்காலிகள். பழைய நாற்காலிகள் இவற்றின் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லை. சாய்ந்தால் முதுகைத் தாங்கிக்கொள்ளும், கையை வைக்கப் பஞ்சு உண்டு. ஒரே ஒரு சங்கடம், அதில் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் பந்தயம் வைத்தாக வேண்டும்.

ஹோய்யிங் அந்தப் போக்கர் அறையின் மேற்பார்வையாளர். சீனக் கடற்கரையின் சூதாட்ட நகரமான மக்காவு அவள் பிறந்த ஊர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சீட்டுப் போடும் பயிற்சிக்குப் போனவள் இன்றுவரை கேசினோவை விட்டு வெளியே ஒரு சம்பளமும் வாங்கியதில்லை. சீட்டுப் போடுகிறவர் மேசையை விட்டு எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையும் புறங்கையும் தெரிகிற மாதிரி மேலே இருக்கும் காமிராவுக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் எடுக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. மேற்பார்வையாளர் ஆன பிறகு அவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வேலை முடிந்து கிளம்பும்போது காட்டுவாள். வீட்டில் கீரை நறுக்கி முடித்தாலும் கை தானாக விரியும். "இங்க காமிரா இல்லம்மா, கீரையை யாரும் திருட மாட்டாங்க" என்று அவள் கணவன் கிண்டல் செய்வான்.

நாற்காலிகளை எடுத்த அன்று காலையில் மாக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். மாக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சத்தம் போட மாட்டார், எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் தெரியும். அப்படிப்பட்டவர்கள்தான் ஆபத்து என்பது ஹோய்யிங்குக்குப் பின்னால்தான் புரிந்தது.

"யிங் அக்கா, போக்கர் அறைல நமக்கு என்ன கிடைக்குது, சொல்லுங்க பாப்போம்."

"கமிஷன் சார்."

"கமிஷன்! ஜெயிக்கிறவனும் வெளியாளு, தோக்கிறவனும் வெளியாளு. அவன் பையில இருந்து இவன் பைக்குப் போகுது. நடுவுல நாம யாரு? சீட்டைக் கலைச்சுக் குடுக்கற ஆளு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிள்ளு எடுத்துக்கறோம், அந்தக் கிள்ளுக்கும் உச்சவரம்பு. மேசை வாடகைன்னு வச்சுக்கோங்க."

"பாக்கராலயும் எத்தனையோ பேர் ஜெயிச்சுட்டுப் போறாங்களே சார்."

"ஜெயிக்கட்டும், நல்லா ஜெயிக்கட்டும். ஆனா அங்க எதிர்ல உக்காந்திருக்கறது நாம. நம்ம பக்கம் சாய்வு நூத்துக்கு ஒண்ணு சொச்சம், அவ்வளவுதான். யாருக்கும் உறைக்காது. ஆனா அதே நூறு டாலரைத் திருப்பித் திருப்பி வைக்கிறான் பாருங்க. வைக்கறப்பல்லாம் ஒண்ணு உதிருது. பொழுது சாயறதுக்குள்ள அவன்கிட்ட மிஞ்சறது நாற்காலிச் சூடு மட்டும்தான்." மாக் தன் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் குடிக்கவில்லை. "மேசை எண்ணிக்கைக்கு அரசாங்கம் வரம்பு வச்சிருக்கு. ஒரு போக்கர் மேசையை வச்சிருக்கறப்ப ஒரு பாக்கரா மேசையை இழக்கறேன். மேல இருக்கறவங்க என்னைக் கேக்கறாங்க."

"அப்ப அறையை மூடப் போறீங்களா சார்?"

ஊரில் மற்ற இடங்களில் போக்கர் அறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்திருந்தார்கள். அவளுக்குக் கீழே பதினைந்து பேர் வேலை செய்தார்கள்.

"மூட மாட்டேன். போக்கர் ஆடறவன் ஷென்ஷென்ல இருந்து கைல காசோட வர்றான், அவனை வேற எதுக்கும் வரவழைக்க முடியாது. அவன் உள்ள விளையாடறப்ப நமக்கு லாபம் இல்ல அக்கா, வாசல்ல காத்திருக்கறப்பதான் லாபம். ஒவ்வொரு மேசைலயும் ஒரு இடத்துல 'முன்பதிவு' அட்டையை வைங்க. நான் தலையை ஆட்டற வரைக்கும் அதை எடுக்காதீங்க. வாசல் நாற்காலிங்களை எடுத்துட்டு அங்க ஒரு பாக்கரா மேசையைப் போடுவோம். அவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்."

"நின்னுக்கிட்டேவா?"

மாக் புன்னகைத்தார்.

ஹோய்யிங்குக்கு அந்தக் கணமே கெங்வாவின் நினைவு வந்தது.

கெங்வா அவளோடு ஒரே பயிற்சி வகுப்பில் இருந்தவன். யாவ் ஹொன் பேட்டையில் ஒரே கட்டடம், அவன் மூன்றாம் மாடி, இவள் ஐந்தாம் மாடி. பல வருஷம் பாக்கரா மேசையில் சீட்டுப் போட்டான். கேசினோ ஊழியர்கள் வேலை நேரம் போக வேறு கேசினோவுக்குப் போய் ஆடலாம் என்றிருந்த காலம் அது, இப்போதுதான் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பகலெல்லாம் மற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டுவிட்டுச் சாயங்காலம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். வேலையும் போய், வீடும் போய், மாமனார் கல்லறைக்கு என்று சேர்த்து வைத்திருந்ததும் போனது. அவன் மனைவி யுக்சான் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை, சோறு மட்டும் வைத்தாள்.

பிறகு எப்படியோ போக்கரைப் பிடித்துக்கொண்டான். ஏணி பிடிக்கிற மாதிரி. "மனுஷனோட முகத்தைப் பாத்து ஆடினா எனக்குத் தெரியும் அக்கா. அந்த மேசையோட ஆடினா நான் மாடு" என்பான். உண்மைதான். பொறுமையாக ஆடுவான், கெட்ட சீட்டு வந்தால் சலிக்காமல் வீசுவான், மாதம் முழுதும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைப்போல வந்து போவான். பெரிதாக ஒன்றும் சேரவில்லை. ஆனால் வாடகை கொடுத்தான், மகளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தான், யுக்சான் மறுபடி பேசத் தொடங்கினாள்.

பாக்கரா மேசைகளைத் தாண்டி அவன் நடப்பதே இல்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, கழிப்பறைப் பக்கம் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போக்கர் அறைக்குள் நுழைவான். ஆட்டக்காரர்கள் அவனைச் 'சுற்றுப்பாதை' என்று கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

யுக்சானுக்கு வேலையும் அதே கட்டடத்தில்தான், அடித்தளத்தில், ஊழியர்களின் சீருடைகளைக் கொடுத்து வாங்கும் ஜன்னலில். வேலை முடிந்து ஹோய்யிங் தன் கோட்டைக் கழற்றி அந்த ஜன்னலில் கொடுக்கும்போதெல்லாம் யுக்சான் ஒரே கேள்வி கேட்பாள்.

"இன்னிக்கு எங்க உக்காந்திருந்தாரு?"

ஜெயித்தானா தோற்றானா என்று அவள் கேட்டதே இல்லை. எங்கே உட்கார்ந்தான், அதுதான் அவளுக்கு வேண்டும்.

"உள்ளதான்" என்பாள் ஹோய்யிங். யுக்சான் கோட்டை வாங்கி மாட்டியில் மாட்டுவாள். தோள் மடிப்பை ஒருமுறை கையால் நீவிவிடுவாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் போக்கர் அறை நிரம்பி வழிந்தது. காரணம் தெங். ஃபோஷானில் குளியலறைப் பீங்கான் விற்கிற மனிதர், நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், கையில் எது வந்தாலும் ஆடுவார், தோற்றால் எல்லோருக்கும் பன்றி இறைச்சி ரொட்டி வாங்கித் தருவார். அவர் வந்துவிட்டார் என்ற செய்தி காற்றில் போகும். ஊரில் உள்ள அத்தனை போக்கர் ஆட்டக்காரர்களும் குளிக்காமல்கூட ஓடி வருவார்கள். தெங் இருக்கும் மேசையில் ஓர் இடம் கிடைத்தால் அந்த மாதத்துக் கவலை தீர்ந்தது.

கெங்வாவும் ஓடி வந்தான். பக்கவாட்டுக் கதவை அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள். 'சீரமைப்பு' என்று அட்டை தொங்கியது, உள்ளே ஒரு ஆணிகூட யாரும் அடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய கூடத்தின் வழியே, பாக்கரா மேசைகளுக்கு நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, தெங் மேசைல எழுதிக்கோங்க."

"எழுதிக்கறேன். ஆனா இடம் இல்ல."

அவன் கண்ணாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். "அதோ ஒண்ணு காலியா இருக்கே?"

"முன்பதிவு."

"போக்கர்ல முன்பதிவா? எந்த மகாராஜா வர்றாரு?"

ஹோய்யிங் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போ கெங்வா. இன்னிக்கு வேண்டாம். சொன்னா கேளு."

"தெங் வந்திருக்கற அன்னிக்கு வீட்டுக்குப் போறதா? அடுத்து எப்ப வருவாரோ! விளையாடறீங்களா அக்கா?" என்று சிரித்தான். அவள் வாசலில் இருந்த மேசையைக் கண்ணால் காட்டினாள். அவன் புரிந்துகொண்டு சிரிப்பை நிறுத்தினான். "நான் நின்னுக்கறேன். நிக்கறதுக்குக் காசு கேக்கலையே?"

நின்றான். அவனுக்குக் குதிகாலில் வலி உண்டு, இத்தனை வருஷம் நின்று சீட்டுப் போட்டதில் வந்தது. முதலில் ஒரு காலில் நின்றான், பிறகு மற்றொரு காலில். சுவரில் சாய்ந்தான், காவலாளி வந்து வழியில் நிற்க வேண்டாம் என்றான். தூணில் சாய்ந்தான், பணிப்பெண் வந்து தூணைத் துடைத்தாள். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு மனிதனை உட்கார வைப்பதற்கு இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஹோய்யிங் நினைத்தாள், தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

அவள் மாக்கிடம் போனாள்.

"சார், தெங் மேசைல அந்த ஒரு இடத்தைத் திறந்துவிடறேன். அஞ்சு பேர் நிக்கறாங்க."

"அஞ்சா? நாலுன்னு பாத்தேன்." மாக் எட்டிப் பார்த்தார். "ஓ, நாலுதான். ஒருத்தர் உக்காந்துட்டாரு."

ஹோய்யிங் திரும்பினாள். கெங்வா பாக்கரா மேசையின் ஓரத்து நாற்காலியில் இருந்தான்.

அவள் ஓடினாள் என்று சொல்லக்கூடாது. மேற்பார்வையாளர்கள் கூடத்தில் ஓடக்கூடாது. வேகமாக நடந்தாள். மேசைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"கெங்வா."

"சும்மா கால் வலிக்கு அக்கா." அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "சின்னப் பந்தயச் சில்லு ஒண்ணு வச்சிருக்கேன். நாற்காலி வாடகை. பேரைக் கூப்பிட்டதும் எழுந்து வந்துடறேன்."

"இப்பவே எழுந்திரு."

மேசையில் சீட்டுப் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். விருந்தினரை மேசையிலிருந்து எழுப்பினால் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டடத்தில் தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும். ஹோய்யிங் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் பச்சைக் கல் வளையல் போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். ஃபான் அத்தை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்தால் ராச்சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள்.

"ஏம்மா கோட்டு போட்டவளே, பின்னாடி நின்னு மூச்சு விடாதே. பிள்ளைக்கு நல்லா வந்துக்கிட்டு இருக்கு. மூணு தடவையா ஜெயிக்குது. நானும் அவன் பின்னாடியேதான் வைக்கறேன்."

ஜெயித்துக்கொண்டிருந்தான். அதுதான் கேடு. நாற்காலி வாடகை என்று வைத்த சின்னச் சில்லு இரண்டாகி, நான்காகி, இப்போது ஒரு சிறிய கோபுரமாக நின்றது. கழுத்தின் பின்புறம் வியர்த்திருந்தது. அவள் அந்தக் கழுத்தை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள், எல்லாம் போன அந்த வருஷத்தில். அவன் பேசும் குரலில்கூட ஒரு துள்ளல் வந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பி வந்தவனுடைய துள்ளல்.

பாக்கராவில் இரண்டே பக்கம், எந்தப் பக்கத்துச் சீட்டுகளின் கூட்டல் ஒன்பதை நெருங்குகிறதோ அது ஜெயிக்கும். கோபுரம் முழுவதையும் 'பாங்கர்' என்று எழுதிய கட்டத்தில் தள்ளினான். ஃபான் அத்தையும் தள்ளினாள். எதிரே பழத்தோட்டக்காரர்போல் இருந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். சீட்டுகள் வந்தன. எதிர்ப் பக்கம் திறந்தது எட்டு. மேசையே முனகியது. இனி ஒன்பது வந்தால்தான் உண்டு, இல்லையென்றால் எல்லாம் போச்சு. அதிகப் பந்தயம் அவனுடையது என்பதால் தங்கள் பக்கத்து இரண்டு சீட்டையும் திறக்கும் உரிமை அவனுக்கு. முதல் சீட்டைப் புரட்டினான். ராணி. மதிப்பு பூஜ்யம்.

இரண்டாவது சீட்டை உடனே திறக்கவில்லை. துணியோடு அழுத்தி, நீளப் பக்கத்தை மெல்ல மெல்ல மடக்கி, ஓரத்தில் எட்டிப் பார்த்தான்.

"நாலு புள்ளி!" என்று மூச்சு விட்டான்.

ஓரத்தில் நான்கு புள்ளி தெரிந்தால் அது ஒன்பது, அல்லது பத்து. ஒன்பது என்றால் எல்லாமே வரும். பத்து என்றால் ஒன்றுமில்லை. நடுவில் இருப்பது ஒரு புள்ளியா இரண்டா என்பதில்தான் இருக்கிறது. "ஊது! ஊது!" என்று ஃபான் அத்தை கத்தினாள். கெங்வா சீட்டின்மேல் ஊதினான். அந்த இரண்டாவது புள்ளி, இருந்தால், பறந்து போகட்டும் என்று. நாற்பது வயதைத் தாண்டிய மனிதன், கணக்கு தெரிந்தவன், போக்கர் மேசையில் ஒரு கண் இமைப்பை வைத்து எதிராளியின் சீட்டைச் சொல்பவன், அச்சடித்த காகிதத்தின்மேல் ஊதிக்கொண்டிருந்தான்.

ஹோய்யிங் தன் கையைப் பார்த்தாள்.

சூதாடுகிறவனின் தோளைத் தொடக்கூடாது. மக்காவு நகரத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தோளில்தான் யோகம் உட்கார்ந்திருக்கிறது, தட்டினால் விழுந்துவிடும். பின்னாலிருந்து தொட்டதற்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். அப்படித் தொடப்பட்டவன் அந்த மேசையில் அதற்குப் பிறகு உட்கார மாட்டான், எழுந்து போய்விடுவான். அன்றைக்கு ஆட்டமே கிடையாது. வாயால் அவனை எழுப்பினால் வேலை போகும். கை தவறிப் பட்டது என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. திட்டுவார்கள், திட்டட்டும். கெங்வாவும் திட்டுவான். அவன் தோற்று, தன்னைச் சபித்து, எழுந்து வீட்டுக்குப் போனால் போதும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

முன்னால் நகர்ந்து தன் வலது கையை அவன் தோளின்மேல் வைத்தாள். பட்டும் படாமலும் இல்லை. நன்றாக, அழுத்தி வைத்தாள்.

மேசை உறைந்தது. ஃபான் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே இருந்தவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் நிறுத்தினார். கெங்வாவின் தோள் அவள் கைக்குக் கீழே கல்லாகிவிட்டது. அவன் திரும்பவில்லை. மெதுவாக, எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தவன் போடுவதைப்போல, சீட்டை மேசைமேல் புரட்டிப் போட்டான்.

டைமன் ஒன்பது.

அந்தச் சத்தம் பெரிய கூடத்தின் மறுகோடி வரை போயிருக்கும். ஃபான் அத்தை நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். எதிரே இருந்தவர்கள் கையோடு கை அறைந்துகொண்டார்கள். கெங்வா கத்தவில்லை. கையை உயர்த்தித் தன் தோள்மேல் இருந்த ஹோய்யிங்கின் கையைப் பிடித்தான்.

அவள் இழுத்தாள், அவன் விடவில்லை.

"எடுக்காதீங்க அக்கா."

"விடு கெங்வா, எனக்கு வேலை இருக்கு."

"எட்டை ஒன்பது அடிச்சிருக்கு! தோள்ல கை பட்டும் அடிச்சிருக்கு! இப்படி யாராவது பாத்திருக்கீங்களா? சாமி கை அக்கா இது!"

"ஆமாம்மா, எடுக்காதே! எடுத்தே, நடக்கறது வேற!" ஃபான் அத்தை அவள் கோட்டின் நுனியையே பிடித்துக்கொண்டாள். "மூச்சும் விட்டுக்கோ, எவ்வளவு வேணாலும் விட்டுக்கோ!"

இருபத்தைந்து வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறாள். நூற்றுக்கு ஒன்று எங்கே உதிர்கிறது என்று அவளுக்குத் தெரியும். தோளிலும் இல்லை, மூச்சிலும் இல்லை, யோகம் என்று ஒரு பண்டம் அந்தக் கட்டடத்துக்குள் எங்குமே இல்லை என்று தெரியும். இருந்தும் அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அதுதான். அவனைப்போலவே அவளும் அதை நம்பிவிட்டாள். தன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் கண் எரிந்தது.

மாக் வந்தார். வந்தவர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் அளந்துகொண்டார். சார், என்னைக் கூப்பிடுங்கள், திட்டுங்கள், மேலே இழுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். விருந்தினரைத் தொட்டது குற்றம்தானே.

"விருந்தாளி ஆசைப்படறாரு யிங் அக்கா. நில்லுங்க." மாக் அவள் காதுக்கருகே குனிந்தார். குரலில் உண்மையான மெச்சுதல் இருந்தது. "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. போக்கர் அறையை லோக் பாத்துக்குவான்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தெங்கும் எழுந்து வந்தார், ரொட்டியை மென்றபடி.

"என்னடா இங்க கல்யாணமா? உள்ள அத்தனை பேரும் எழவு வீட்டுல இருக்கற மாதிரி உக்காந்திருக்கானுங்க. நான் தோத்தாலும் சிரிக்க மாட்டேங்கறானுங்க."

யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். தெங் ஹோய்யிங்கை மேலும் கீழும் பார்த்தார். கெங்வாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் தன் பெரிய உடம்பை இறக்கினார். பையிலிருந்து அவர் எடுத்து வைத்த சில்லுகளைப் பார்த்து, சீட்டுப் போடும் பெண்ணின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அம்மா, உங்களோட இன்னொரு கை சும்மாத்தானே இருக்கு?" என்று தோளைச் சாய்த்துக் காட்டினார்.

மாக் தலையை ஆட்டினார். காலையிலிருந்து அவர் ஆட்ட வேண்டும் என்று அவள் காத்திருந்த தலை. அவள் இடது கையை எடுத்து தெங்கின் தோளில் வைத்தாள். ஈரமாக இருந்தது.

அவளுக்குக் கீழே வேலை செய்யும் லோக் போக்கர் அறை வாசலில் இருந்து கூப்பிட்டான். "கெங்வா! தெங் மேசைல இடம் காலி!"

தெங் எழுந்து வந்த இடம்தான். தெங் இல்லாத தெங் மேசை. ஹோய்யிங் குனிந்து சொன்னாள், "கூப்பிடறாங்க. போ. உனக்குக் கால் வலி இல்லையா, அங்க போய் உக்காரு. போடா, யுக்சானை நினைச்சுக்கோ."

"கெங்வா! ரெண்டாந்தரம்!"

யுக்சானின் பெயரைக் கேட்டு அவன் ஒரு கணம் தயங்கினான். தோள் சற்று இளகியது, அது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்போது தெங் தன் சில்லுகளைப் பாங்கர் பக்கம் தள்ளிவிட்டு, "என்ன தம்பி, பயமா?" என்றார், சிரித்துக்கொண்டே, கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல்.

"கெங்வா! மூணாந்தரம்!"

"அவகிட்டதான் அக்கா, இன்னிக்கே போய் எல்லாத்தையும் குடுக்கப் போறேன்" என்றான் கெங்வா. லோக்கைப் பார்த்துக் கையசைத்தான். "பேரை அடிச்சுடு!"

லோக் பெயரை அடித்தான். கெங்வா தன் கோபுரத்தைத் தெங்கின் மலைக்குப் பக்கத்தில் தள்ளினான். ஃபான் அத்தை தள்ளினாள். சீட்டுப் பெட்டியிலிருந்து சீட்டுகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்ததில் தோற்றார்கள். "அக்கா, கொஞ்சம் தளர்த்திட்டீங்க, அதான்" என்றான் கெங்வா. குற்றம் சொல்லும் குரல் இல்லை, சேர்ந்து வேலை செய்கிறவரிடம் சொல்லும் குரல். அவள் அழுத்திப் பிடித்தாள். அழுத்தினாலும் தோற்றார்கள். "இல்ல, இப்ப ரொம்ப அழுத்திட்டீங்க."

அவளுக்கு வேலை முடியும் நேரம் வந்தது. சாயங்கால ஷிப்டுக்கு ஆட்கள் மாறினார்கள். கீழே யுக்சான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டாக வாங்கி மாட்டிக்கொண்டிருப்பாள். கடைசியாக வரவேண்டிய ஒரு கோட்டுக்காக வெறும் மாட்டி ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருப்பாள்.

மாக் அவளிடம் ஓவர்டைம் என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

ஹோய்யிங் மேலே பார்த்தாள். கூரையில் காமிராவின் கறுப்புக் கண்ணாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் வேலை முடியும் இந்த நேரத்தில் இரண்டு கைகளையும் விரித்து அதற்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை, பார்த்துக்கொள் என்று. இன்றும் விரல்கள் தாமாக விரியப் பார்த்தன. கெங்வாவின் கை அவற்றை மூடி இறுக்கிக்கொண்டது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அக்கா" என்றான்.